பாட்டில் கழுத்தில் மல்லிகை

திருத்தணி மலையடிவாரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அந்த அம்மாளுக்கு. பள்ளிப்பட்டுப் பக்கம். ஐம்பது வயதிருக்கும். அகலமான நெற்றி, அதற்கேற்ற குங்குமம், மண்டபம் முழுக்கக் கேட்கிற குரல்.

ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் கொண்டைப் பூவில் ஒரு துண்டைக் கிள்ளித் தன் பாட்டிலின் கழுத்தில் கட்டினார்.

"எதுக்குக்கா இது?" என்று கேட்டேன்.

"அடையாளம்தான். எது யாருதுன்னு தெரியாம, ஆளாளுக்கு ஒரு வாய் குடிச்சிட்டு, புதுசு புதுசா திறந்துகினு இருக்காங்க பாரு."

உண்மைதான். முந்தின பந்தியின் பாதி குடித்த பாட்டில்கள் ஒரு டிரம் நிறையக் கிடந்தன. இருந்தாலும் நான் விடுகிற ஆளில்லை.

"இம்மாம் ஜனம் வந்துகினே இருக்குது. நீங்க ஒரு பாட்டில மிச்சம் பண்ணி இன்னா ஆவப் போவுது?"

அவர் அப்பளத்தை நொறுக்கியபடி சிரித்தார். "ஜனம் ஜாஸ்தின்றதாலதான் நைனா கட்றேன். உலகத்துல நான் ஒருத்திதான்னா, நானும் வீசிட்டுப் போயிருப்பேன்."

நான் பாயசத்தில் கவனமானேன்.

கை கழுவித் திரும்பியபோது அவர் போய்விட்டிருந்தார். மேசையைத் துடைத்துவிட்டிருந்தார்கள். என் பாட்டிலை மட்டும், கட்டியிருந்த பூவைப் பார்த்து, எடுக்காமல் விட்டிருந்தார்கள். அவர் அதை எப்போது கட்டினாரோ!

பேருந்து கனகம்மாசத்திரம் வருவதற்குள் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டேன். தாகம் என்னவோ எனக்கு இல்லை.