விற்பதற்கா, வீட்டுக்கா?

அறுபத்தெட்டு வயதில் முதன்முதலாக வீட்டுக் கொல்லையில் ஆறு கத்தரிச் செடிகள் வைத்தேன். ஐந்தில் புழு விழுந்துவிட்டது. பதறிப்போய் உத்திரமேரூரில் ஓர் உரக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒல்லியான மனிதர். அடிக்கடி விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கத்திரிக்கா விக்கறதுக்கா சார், வூட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான். லீவுக்குப் பேத்தி வரா."

கையில் எடுத்த மருந்துப் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். "அப்ப ஒண்ணும் அடிக்காதீங்க. சொத்தைய அரிஞ்சி போட்டுட்டு மீதிய ஆக்குங்க."

"விக்கறதுக்குன்னா?"

"இன்னிக்கு அடிச்சிட்டு நாளைக்கே பறிச்சிடுவாங்க. காய் பளபளன்னு கீதே, பாத்ததில்ல?"

என் பையில் சந்தையில் வாங்கிய அரைக் கிலோ கத்தரிக்காய் பளபளவென்று இருந்தது.

"அப்போ இத்தனை வருஷமா நான் தின்னது?"

"இன்னா சார் நீங்க, சாப்புடற நேரத்துல பேஜார் பண்ணிக்கினு" என்று விரலை முகர்ந்தார்.

கடைக்குள் அவர் சாப்பிடுவதில்லை போலும். டிபன் டப்பாவோடு வெளியே போனார். குழாயடியில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். கத்தரிக்காய்க் குழம்பு.

காய் எங்கே வாங்கியது என்று அவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.