வெர்லினுக்கு வராத பந்து

இன்றைக்கு அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிராக்டர் உதிரிபாகம் விற்கிற வெர்லின் குசேரா, ஒரு காலத்தில் அங்கே மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்காக நான்கு வருஷம் புட்பால் ஆடினான். பேர்தான் புட்பால், அந்த ஊரில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், இல்லாவிட்டால் கையால் எறிவார்கள்.

ஆடினான் என்பதைவிட ஓடினான் என்பதே சரி. மைதானத்தின் கோடிவரை தலைதெறிக்க ஓட வேண்டும், அதுதான் அவன் வேலை. அவனைத் துரத்திக்கொண்டு எதிரணியின் பின்காவலர் இரண்டு பேர் போய்விட்டால், பந்தோடு கூட்டத்தைப் பிளந்து ஓடுகிற அவன் அணிக்காரன் ஓடெலை மறிக்க இரண்டு ஆள் குறையும். பந்து மட்டும் வெர்லினுக்கு வராது. தூர எறிவதென்றால் பயிற்சியாளர் ஸ்டட்ஸ்மனுக்கு அப்படி ஒரு வெறுப்பு. சனிக்கிழமைதோறும் வேலியோரம் வந்து நிற்கிற அப்பா, “ஒண்ணாவது புடிச்சிருவியாடா?” என்பார். வெர்லினுக்கும் உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

கடைசி வருஷத்தின் கடைசி ஆட்டம். எதிரணிக்காரர்கள் பழைய ஆட்டங்களையெல்லாம் படம் போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். வெர்லினை ஒருத்தனும் சட்டை செய்யவில்லை. எறியாத பந்துக்கு எவன் பயப்படுவான்? தப்பான கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி அவன் கோடியில் தனியாக நின்றான்.

ஓடெல் மூக்கில் ரத்தத்தோடு வந்தான். “கோச், பதினோரு பேரும் என் மேலதான் படுத்துக் கெடக்கானுங்க. ஒரே ஒருவாட்டி அவனுக்குத் தூக்கிப் போடச் சொல்லித் தொலைங்க!”

“போடுங்கடா, நாசமாப் போக” என்றார் ஸ்டட்ஸ்மன்.

போட்டார்கள். பந்து அழகாக வந்தது. கூப்பிடு தூரத்தில் யாருமில்லை. வெர்லினின் இரண்டு கைக்குள்ளும் வந்து, நழுவிக் கீழே விழுந்தது. அப்பா தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது வெர்லினுக்கு.

“அழுவாத” என்றார் ஸ்டட்ஸ்மன். “அவனுங்க மூஞ்சியப் பாரு.”

அவனை ஏன் தனியாக விட்டீர்கள் என்று எதிரணிப் பயிற்சியாளர் தன் ஆட்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் பாய்ட் என்ற பின்காவலனும் அவன் கூட்டாளியும் வெர்லினைவிட்டு நகரவேயில்லை. ஓடெலுக்கு வழி திறந்தது. பந்தோடு இரண்டு தடவை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினான். ஜெயித்தார்கள். வெர்லின் பக்கம் இன்னொரு பந்து வரவேயில்லை.

ஆட்டம் முடிந்ததும் நடுமைதானத்தில் ஓடெலைத் தோளில் தூக்கினார்கள். கோடியில் வெர்லினும் பாய்டும் மட்டும் இரைத்துக்கொண்டு நின்றார்கள்.

“யப்பா, உசுரக் கையில புடிச்சிக்கிட்டு உன் பின்னாடியே ஓடுனேன்யா” என்றான் பாய்ட்.

“எதுக்கு? நான்தான் விட்டுட்டேனே.”

“ஒருவாட்டி விட்டே. அடுத்ததையும் நீ விட்டுருவேன்னு நம்பி நிக்க எனக்கென்ன பைத்தியமா?”

இவன் பிடித்துவிடுவான் என்று அந்த மைதானத்தில் சந்தேகமில்லாமல் நம்பியவன் எதிரணிக்காரன் ஒருத்தன்தான். வெர்லின் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.