சிறுகோட்டுக்குப் பின்னால் சமீர்

பௌர்ணமி வாரத்தில் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போடக் கூடாது. செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற பர்சானாவின் டிடிபி கடையில் அது எழுதாத சட்டம். சட்டம் போட்டவன் அவள் தம்பி சமீர். கிரிவலக் கூட்டம் இறங்குவதற்கு முந்தைய நாட்களில்தான் ரூம் விடுகிறவர்களும் அன்னதானக்காரர்களும் நோட்டீஸ் கேட்டு வந்து நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து மெஷின் முறுக்கிக்கொண்டால் மானம் போய்விடும்.

அந்தச் சட்டத்தைத்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடையைப் பெருக்கிய கையோடு, பர்சானா மீறினாள்.

கடையில் இருப்பது அப்பா காலத்துப் பிரிண்டர். யானை மாதிரி உழைக்கும். ஆனால் அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. புதுக் கம்ப்யூட்டர் எதுவும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சமீர்தான் அவள் மெஷினில் லினக்ஸ் போட்டான். அந்த உலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. கம்பெனி கைவிட்ட சாமானுக்கு, யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, அதை எங்கிருந்து இறக்கி எப்படிக் கட்டிச் சேர்ப்பது என்று ஒரு குறிப்பு எழுதிப் பொதுவில் வைத்துவிடுவார். அதைப் பேக்கேஜ் என்பார்கள். காசு கிடையாது. முதல் வரியில் பெயர் மட்டும் இருக்கும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் கையால் கட்டி மாளாது என்று, அந்த வேலைக்காகவே ஒரு ஹெல்பர். கருப்புத் திரையில் பெயரை அடித்தால் போதும், குறிப்பை எடுத்து, கட்டி, சேர்த்துவிடும்.

"அந்த ஹெல்பரை மட்டும் மொத வாட்டி நாமளே கையால கட்டணும் ஆபா," என்று சமீர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினான். ஆபா என்றால் அக்கா. "அப்புறம் மத்ததெல்லாம் அது கட்டும். ஆனா ஒண்ணு. 'படிச்சுப் பாக்கறியா'னு கேக்கும். பாக்கறேன்னு சொல்லு. கண்டவன் எழுதனதக் கண்ண மூடிகினு ஓட்டாத."

"நீ எழுதனதக் கூடவா?"

"அதத்தான் மொதல்ல பாக்கணும்."

அந்தப் பிரிண்டருக்கான குறிப்பை எழுதி வைத்தவன் அவனேதான். பிறகு நெதர்லாந்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா மௌத்தானபோது அவனால் வர முடியவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்த நேரம். கிளம்பினால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். போனில் அழுதுகொண்டிருந்தவனிடம் பர்சானாவின் வீட்டுக்காரர் மஸ்தான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "பெத்தவனுக்கு ஒரு பிடி மண்ணு போட வராதவன், இனிமே வந்து யாருக்கு ஆவப் போறான்?" அதோடு சரி. சமீர் போன் எடுப்பதை நிறுத்தினான். அப்புறம் அந்த நம்பரே இல்லாமல் போனது.

ஆனால் அவனுடைய பிரிண்டர் பேக்கேஜ் மட்டும் நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் உண்டு. அதன் கடைசியில் ஒரு சிறுகோடு, கோட்டுக்குப் பின்னால் இன்னோர் எண். முன்னால் இருப்பது கம்பெனியுடைய எண். கம்பெனி செத்த பிறகு அது எதற்கு ஏறும்? பின்னால் இருப்பது, குறிப்பு எழுதியவர் கை வைத்தால்தான் ஏறும். பதினாலு பதினைந்தாகும். ஹெல்பர் கேட்கும்போது அவள் 'பார்க்கிறேன்' என்று சொல்லித் திறப்பாள். மேலே சமீர் பெயர். கீழே எங்கோ ஒரு வரி மாறியிருக்கும்.

"சமீர் நல்லா கீறான்," என்பாள் வீட்டில்.

"போன் பண்ணானா?" மஸ்தான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்துவார்.

"இல்ல. பதினஞ்சு பதினாறாயிடுச்சு."

அவர் மேற்கொண்டு கேட்கமாட்டார். ஆனால் அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொள்வார்.

இந்த வருஷம் ரம்ஜானுக்குப் பிறகு எண் அசையவே இல்லை. பதினெட்டிலேயே நின்றது. உடம்புக்கு ஏதாவதா, வேலை போய்விட்டதா, இல்லை மனசு மாறிவிட்டதா. பௌர்ணமி முடியட்டும் என்று பொறுக்க அவளால் ஆகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அப்டேட்டைத் தட்டிவிட்டாள்.

மற்றதெல்லாம் ஏறியது. கடைசியில் ஹெல்பர் ஒரு வரி சொன்னது. அந்தப் பிரிண்டர் பேக்கேஜுக்கு இப்போது பொறுப்பாளர் யாரும் இல்லை.

அதன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சமீர் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. வைத்திருப்பவர் தானே விட்டுவிடலாம். யாராவது புகார் சொல்லி, அவர் பதில் சொல்லாமல் இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். இரண்டில் எது என்று பக்கம் சொல்லவில்லை.

பிரிண்டரும் பேச்சை நிறுத்தியிருந்தது.

"இன்னா பர்சானா, நாளைக்குப் பௌர்ணமி, நீ பேயறஞ்சவ மாதிரி உக்காந்துகினு கீற?" பக்கத்துச் சந்தில் நாலு ரூம் வாடகைக்கு விடுகிற தேவிப்ரியா வந்து நின்றாள். "என் நோட்டீஸு?"

"பிரிண்டர் ஓடலக்கா. அப்டேட் போட்டுட்டேன்."

"நீயா? நான் ஒரு பென் டிரைவ் குடுத்தாக்கூட, பௌர்ணமி முடியட்டும்னு தொரத்துவியே!"

"சாயங்காலம் வாங்க. அடிச்சுத் தரேன்."

"தரலன்னா கையால எழுதி ஒட்டிடுவேன். என் கையெழுத்துக்கு வர்றவனும் ஓடிப்புடுவான், பாத்துக்க."

அவள் போனதும் பர்சானா குறிப்பைத் திறந்தாள். இத்தனை வருஷம் படித்ததில் எந்த வரி எதற்கு என்று அத்துப்படி. அச்சு வேலைகளைக் கவனிக்கிற புரோகிராம் இந்த அப்டேட்டில் தன் கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது. குறிப்பு இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வரி. மாற்றிக் கட்டினாள். முதல் தடவை கட்டவில்லை. இரண்டாம் தடவை கட்டியது. பிரிண்டர் இருமிக்கொண்டு தாளை இழுத்தது.

கடைக்கு இது போதும். ஆனால் ஆள் இல்லாத பேக்கேஜை யார் வேண்டுமானாலும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கே முகம் தெரியாத ஒருவர் எடுப்பார். யாருமே எடுக்காவிட்டால் ஒருநாள் அழித்தும் விடுவார்கள். அவள் எடுத்தால்? முதல் வரியில் அவள் பெயர் வரும். முன்னால் பொறுப்பில் இருந்தவரின் பெயரை அடியில் ஒரு வரி இறக்கி வைப்பது அங்கே வழக்கம். தம்பி விட்டுவிட்டான் என்பதைத் தன் கையாலேயே எழுதுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

ஜும்மா தொழுதுவிட்டு வந்த மஸ்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ரொம்ப நேரம் தொப்பியை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

"நீ எடுத்தா அவனுக்குத் தெரியுமா?"

"சரியா ஓடுதானு பாக்க அவன் மெஷின்லயும் போட்டு வச்சிருந்தான். அப்டேட் போட்டா எம் பேரு வரும்."

"அவன் மெஷின்லருந்தே எடுத்துட்டிருந்தா?"

பர்சானா கீபோர்டில் இருந்த தூசியைத் துடைத்தாள்.

"எடுத்துக்க," என்றார். "எம் பேரையும் ஒரு ஓரமா போடு."

"நீங்க இன்னா செஞ்சீங்க இதுல? வேலை செஞ்சவங்க பேருதான் போடணும்."

"பேப்பர் கட்டு தூக்கியாந்து வைக்கறது யாரு, உங்க அப்பாவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடுத்துக்கொள்கிற பொத்தானை அழுத்தினாள். முதல் வரியில் பர்சானா, அடுத்த வரியில் சமீர். கோட்டுக்குப் பின்னால் பத்தொன்பது. அனுப்புவதற்கு முன்னால் என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

"வரச் சொல்லி எழுது," என்றார் மஸ்தான். குரல் இறங்கியிருந்தது. "நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதையும் எழுது."

"இது உலகமே பாக்கற எடங்க."

எல்லோரும் அங்கே இங்கிலீஷில்தான் எழுதுவார்கள். அவள் தமிழில் அடித்தாள்: 'சரி செய்தாச்சு. கடையில் பிரிண்டர் ஓடுகிறது.' கொஞ்சம் யோசித்து, இன்னும் சேர்த்தாள்: 'மச்சான் பேப்பர் வைக்கிறார்.'

மஸ்தான் அதை எட்டிப் படித்தார். எழுந்து, புதுக் கட்டைப் பிரித்து, தாளை விசிறித் தட்டி, பிரிண்டரில் வைத்தார். தேவிப்ரியாவின் நோட்டீஸ் ஒவ்வொன்றாக வெளியே விழத் தொடங்கியது.

மறுநாள் ரோட்டில் கூட்டம் வழிந்தது. பர்சானா ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக ஹெல்பரை ஓட்டினாள். பத்தொன்பது பத்தொன்பதாகவே இருந்தது. இனி அவள் கை வைக்காமல் அது ஏறாது. தெரிந்துதான் பார்த்தாள். பிறகு பேக்கேஜின் பக்கத்தைத் திறந்து, அடியில் கருத்து எழுதுகிற இடம் வரை இறக்கிப் பார்த்தாள். புதிதாக எதுவும் இல்லை. பக்கத்தை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, வாசலில் நின்றவரிடம், "எத்தினி காப்பிங்க?" என்றாள்.