நாகேந்திரன் தூக்கக் கூடாத பாரம்

சத்தியவேடு பக்கத்து விவசாயி நாகேந்திரன், கிணறு வற்றியதும் 1996-ல் பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் ஆனார். ஐம்பத்திரண்டு வயதில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருப்பதாக ஸ்கேன் காட்டியது.

"தினமும் நடங்க. பேசிக்கிட்டே நடக்கிற வேகம் போதும். மூச்சை அடக்கி எதையும் தூக்காதீங்க, குழாய் கிழிஞ்சிடும்" என்றார் டாக்டர்.

ஆறு மாதம் நடந்தார். உடம்பு இறுகி, முகம் தெளிந்தது. அதுதான் வினையாயிற்று. ஊர்த் திருவிழாவான ஜாத்திரைக்கு வந்தவரை யாரும் நோயாளியாக நினைக்கவில்லை. வெளியூர் போனவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அம்மன் பல்லக்குக்குத் தோள் கொடுப்பது அங்கே வழக்கம். அவர் பத்தடி தள்ளியே நடந்தார்.

"இன்னா மாமா, தோளைப் பெங்களூர்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்றான் மைத்துனன் முனிகிருஷ்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிச்சிக்கினு போவட்டும், நீ வா" என்று மனைவி தேவயானி அவர் கையைப் பிடித்தாள்.

ஏரிக்கரை மேட்டில் ஒருவன் கால் வழுக்க, பல்லக்கின் முன்தண்டு சாய்ந்தது. நாகேந்திரன் கையை உதறிக்கொண்டு ஓடி, தோளை அடியில் கொடுத்து, பல்லைக் கடித்து நிமிர்த்தினார். கூட்டம் விசில் அடித்தது.

தண்டை இன்னொருவர் தோளுக்கு மாற்றிவிட்டுச் சிரித்தபடி வந்தவர் பாதியில் நின்றார்.

"தேவயானி, முதுகுல துணி கிழியற மாதிரி வலிக்குது."

"சுளுக்கு மாமா. எண்ணெய் தேச்சா பூடும்" என்றான் முனிகிருஷ்ணன்.

தேவயானி அவரை உட்கார வைத்தாள். "எண்ணெயும் வேணா, ஒண்ணும் வேணா. வண்டி எடு தம்பி, திருப்பதி ஆஸ்பத்திரிக்கு!"

கார் வந்தது. ஊரை விட்டுப் போக இருந்ததோ அந்த ஒரே கரைப்பாதை. அதை அடைத்தபடி, கரையோர வீடு ஒவ்வொன்றிலும் ஆரத்திக்கு நின்று நின்று, பல்லக்கு போய்க்கொண்டிருந்தது.