பார்ட்டி வரும் நாள்

வீட்டை விற்பதற்கு முன் அதிலிருந்து அப்புறப்படுத்த வேண்டியவற்றை ப்ரோக்கர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். கால் ஆடும் நாற்காலி, கூடத்துக்குள் கட்டியிருந்த துணிக்கொடி, மருந்து டப்பாக்கள், சுவரில் இருந்த அம்மாவின் படம். கடைசி விரலுக்கு வந்தபோது மனிதர் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சேச்சி, தப்பா நினைக்கருது. அங்கிளையும்" என்றார்.

அங்கிள் என்றது என் அப்பாவை. வயது எண்பத்து மூன்று. அந்த நேரம் அவர் உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு, மத்தியானத்துக்கு அப்பளம் உண்டா என்று என்னிடம் இரண்டாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரை எந்தப் பரண்ல ஏத்தி வைக்கட்டும்?" என்றேன். என் கோபம் ப்ரோக்கரை ஒன்றும் செய்யவில்லை. எத்தனையோ வீடு விற்றுக் காய்த்துப்போனவர். வயசானவர் இருக்கிற வீட்டைப் பார்த்தால் வாங்குகிறவர்களுக்கு மனசு வராது என்று பொறுமையாக விளக்கினார். ஒரு கிழவரை இறக்கிவிட்டு நாம் ஏறுகிற பாவம் எதற்கு என்று பாதிப்பேர் நினைப்பார்களாம். மீதிப்பேர், இந்த ஆள் இறங்குவாரா மாட்டாரா என்று பயப்படுவார்களாம்.

"தண்ணி கேறும்னு பறஞ்சாக்கூட வாங்குவாங்க சேச்சி. மட்டாஞ்சேரியில தண்ணி கேறாத வீடு எவிடே? ஆனா அங்கிள் இருக்கார்னா ரெண்டாம் தடவை வரமாட்டாங்க."

தண்ணீர்தான் நாங்கள் விற்கவே காரணம். எங்கள் வீடு யூதர் தெருவான ஜூ டவுனிலிருந்து இரண்டு தெரு தள்ளி. விருச்சிக மாதத்தில், அதாவது கார்த்திகையில், கடல் ஏறினால், காயல் தண்ணீர் எங்கள் குளியலறைச் சாக்கடை வழியாக உள்ளே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். போன விருச்சிகத்தில் நான் ஆபீஸில் இருந்தபோது அப்பா அடுக்களையில் அந்தத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். சாயந்திரம் ஏழு மணிக்கு நான் வந்து கதவைத் திறக்கும்வரை அங்கேயே கிடந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. "ஈரம் மட்டுந்தான் கஷ்டம் மோளே, மத்தபடி சுகமாக் கிடந்தேன்" என்றார். எனக்கு அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் கணவர் மஸ்கட்டில், மகன் கோயம்புத்தூரில். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அடுத்த விருச்சிகம் வருவதற்குள் அவரை அங்கிருந்து கிளப்பியாக வேண்டும். கலூரில் மூன்றாம் மாடியில் லிஃப்ட் உள்ள ஒரு ஃப்ளாட்டைப் பார்த்து வைத்திருந்தேன். அப்பாவின் பெயரில் இருந்த இந்த வீடு விற்றால்தான் அதை வாங்க முடியும்.

ஆகவே அப்பாவை அப்புறப்படுத்த ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்கு வெள்ளையடித்தோம். கொல்லைச் சுவரின் பாசியைச் சுரண்டினோம். அப்பாவின் முட்டித் தைல வாடை போவதற்குக் கிராம்பும் பட்டையும் போட்டு வெந்நீர் கொதிக்க வைக்கச் சொன்னார் ப்ரோக்கர். மட்டாஞ்சேரியில், நாலு பக்கமும் மிளகும் சுக்கும் குடோன் குடோனாக மணக்கிற இடத்தில், கிராம்பை வாங்கிக் கொதிக்க வைத்த ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். அப்பா அந்தக் குடோன்களில் ஒன்றில் முப்பது வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவர். சட்டியை எட்டிப் பார்த்து, "இது மட்டக் கிராம்பு. உன்ன ஏமாத்திட்டான்" என்றார்.

முதல் பார்ட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாக இருந்தது. வாங்க வருகிறவர்களுக்கு ப்ரோக்கர் பாஷையில் பார்ட்டி என்று பெயர். மூன்றரைக்கே அப்பாவுக்குச் சட்டையை மாட்டி, கைத்தடியோடு ஆட்டோவில் ஏற்றினேன். எங்கே போகிறோம் என்று கேட்டார். எனக்கே தெரியாது. படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாயாக்கடையில் இறக்கினேன். சாயா குடித்தார், நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரி தின்றார், இன்னொரு பழம்பொரி கேட்டார். அப்பா ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் வெளியே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது என்பது அந்த இரண்டாவது பழம்பொரியின்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பார்ட்டிக்கு வீடு பிடிக்கவில்லை. அப்பாவுக்கு ஏக சந்தோஷம்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு பார்ட்டியாவது வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் ஆபீஸில் ஏதாவது பொய் சொல்லிவிட்டு ஓடிவருவேன். அப்பா மத்தியானம் இரண்டு மணிக்கே குளித்து, முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எங்கே போகலாம் என்பதையும் அவரே சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் பள்ளுருத்தியில் பழைய சிநேகிதர் வீடு. அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. "சரி, பரவாயில்ல" என்றார் அப்பா. சிநேகிதரின் மனைவி கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். ஒரு நாள் ஜூ டவுன். பழம்பொருள் கடை வாசலில் போட்டிருந்த தேக்கு நாற்காலியில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு வெள்ளைக்காரி அவரையும் நாற்காலியையும் சேர்த்துப் படம் எடுத்தாள். விலை கேட்டது நாற்காலிக்குத்தான் என்று நம்புகிறேன்.

ஐந்தாவதோ ஆறாவதோ வந்த பார்ட்டியில்தான் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. துபாயிலிருந்து திரும்பிவந்த ஒரு கணவனும் மனைவியும். வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றும் யோசனை அவர்களுக்கு. வரப் பத்து நிமிஷம் இருக்கும்போது ப்ரோக்கர் கூடத்தில் நின்று, "சேச்சி, அந்தச் சுவர்" என்று கத்தினார். அதுவரை இறக்க மனசு வராமல் விட்டுவைத்திருந்த அம்மாவின் படத்தை அவசரமாக இறக்கிக் கட்டிலுக்கடியில் வைத்தாயிற்று. ஆனால் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாகப் புள்ளிவிழுந்து அசிங்கமாக இருந்தது. வெள்ளையடித்தவன் படத்தைக் கழற்றச் சோம்பல்பட்டு அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போயிருக்கிறான். மறைக்க அதே அளவில் ஏதாவது வேண்டும். பீரோ மேலே அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் குடோன்காரர்கள் எடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்த படம் இருந்தது. அதை எடுத்து அந்த ஆணியில் மாட்டிவிட்டு அப்பாவை ஆட்டோவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அம்மாவுக்குப் போட்டிருந்த சந்தனமாலை அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. சாயாக்கடைக்குக்கூடப் போகமுடியாமல் ஒரு பொட்டலம் பழம்பொரியோடு பாதியிலேயே திரும்பினோம். பார்ட்டியின் கார் இன்னும் வாசலில் நின்றது. ப்ரோக்கர் குடையில்லாமல் ஆட்டோவைப் பார்த்து ஓடிவந்து, "இறங்கண்டா, இறங்கண்டா" என்று, இறங்கவே வேண்டாமெனக் கையை வீசினார். அவருக்குப் பின்னாலேயே வீடு பார்க்க வந்த அந்தம்மா குடையோடு வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, "அச்சன் போயிட்டு ரெண்டு வர்ஷமாயல்லே? இவர் பறஞ்ஞு. நல்ல மரணமாயிருந்நுன்னும் பறஞ்ஞு" என்றார்.

அப்பா என் பக்கத்தில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். படத்தையும் மாலையையும் பார்த்து அந்தம்மா யார் இது என்று கேட்டிருக்கிறார். வீட்டில் வயசானவர் யாரும் இல்லை என்று முன்பே சொல்லி வைத்திருந்த ப்ரோக்கர், வீட்டுக்காரர்தான், தவறிப்போய்விட்டார் என்று சொல்லிவிட்டார். வீட்டிலேயா என்று அந்தம்மா பயந்ததால், இல்லை இல்லை, ஆஸ்பத்திரியில், தூக்கத்தில் என்று கூடுதலாக ஒரு சௌகரியமும் செய்து கொடுத்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் பூசணிக்காய்க்குக் கருமாதியே செய்துவிட்டார்.

அந்தம்மா ஆட்டோவுக்குள் குனிந்து அப்பாவைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. ப்ரோக்கர் முந்திக்கொண்டு, "இது அனியன். பாலக்காட்டுலேர்ந்து வந்தது" என்றார். செத்துப்போனவரின் தம்பியாம்.

"நல்ல சாயல்" என்றார் அந்தம்மா.

அப்பா வாயில் இருந்ததை விழுங்கினார். துண்டால் உதட்டைத் துடைத்தார். "அண்ணன் தங்கமான மனுஷனாக்கும்" என்றார். "ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவு குடுத்ததில்ல."

அவர்கள் போன பிறகு நான் ப்ரோக்கரை என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அப்பா கூடத்தில் தன் படத்துக்கு எதிரே நின்று வெகுநேரம் பார்த்தார். "எனக்கு மாலை பாந்தமாத்தான் இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இருந்தாலும் மோளே, செத்துப்போனா ஆளுகிட்ட ஒரு வார்த்தை பறய வேண்டாமோ?" என்றார்.

அந்தத் தம்பதிக்குத்தான் வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது. உடனே போனில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். ப்ரோக்கர் கையெடுத்துக் கும்பிட்டார். பொய் சொன்ன வீடு என்று ஓடிவிடுவார்கள், கன்னி மாதம் பிறக்கப் போகிறது, அப்புறம் துலாம், அப்புறம் விருச்சிகம், தண்ணீர்தான் என்றார். அந்தத் தண்ணீரைச் சொன்னதும் நான் போனைக் கீழே வைத்தேன். அதற்காக இன்றும் எனக்கு வெட்கமுண்டு.

நாலு நாள் கழித்து வாங்குகிறவரே கூப்பிட்டார். வக்கீல் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தாராம். வீடு அச்சன் பெயரில் இருப்பதால் அவருடைய மரண சர்ட்டிபிகேட்டும் வாரிசு சர்ட்டிபிகேட்டும் வேண்டுமாம். ஒரு வாரத்தில் கிடைக்குமா என்று மரியாதையாகக் கேட்டார். அப்போது வீட்டுக்கு வந்திருந்த ப்ரோக்கரைப் பார்த்தேன். "அத நான் யோசிச்சிட்டில்ல" என்றார் அவர். வீடு விற்பதையே தொழிலாகக் கொண்டவர், வீட்டை விற்கக் கையெழுத்துப் போடவேண்டிய ஆளைக் கொன்றிருக்கிறார்.

அப்பாதான் போனை என் கையிலிருந்து வாங்கினார். "நாளைக்கு நாலு மணிக்கு வாங்கோ. சர்ட்டிபிகேட் சம்பந்தமா நேர்ல பறயறேன்" என்றார். யார் பேசுவது என்று கேட்டார்கள் போலிருக்கிறது. "அனியன்தான்" என்றார்.

பார்ட்டி வரும் நேரத்தில் அப்பா முதன்முறையாக வீட்டில் இருந்தார். அம்மாவின் படத்தைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுக்கச் சொல்லி, அதன் இடத்திலேயே மாட்டச் செய்து, மாலையைத் தானே சரிசெய்தார். தன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தைல வாடை கூடம் முழுக்க அடித்தது. நான் கிராம்பு கொதிக்க வைக்கவில்லை. சாயாவைத்தான் இரண்டு தடவை கொட்டினேன். இவர்கள் எழுந்து போய்விட்டால் இன்னொரு விருச்சிகத்தை இதே வீட்டில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் அப்பா படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சர்ட்டிபிகேட் இல்ல. ஆளுதான் உண்டு. கையெழுத்துக்கு அது போதுமோ?"

அந்தம்மா எழுந்தே விட்டார். படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ப்ரோக்கர் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, அடுக்களையில் அப்பா விழுந்து கிடந்தது எல்லாம். கணவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. ஆனால் அந்தம்மா மெல்ல உட்கார்ந்து, நெஞ்சில் கைவைத்து, பெரிய மூச்சாக விட்டார். "அப்போ இந்த வீட்டுல அச்சன் மரிச்சிட்டேயில்ல" என்றார். ஐந்து நாளாக அந்த மாலையை நினைத்து அவருக்குத் தூக்கமே வரவில்லையாம். வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் அன்று வந்தாராம். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. அப்பாவும் சேர்ந்துகொண்டார். ப்ரோக்கர் மட்டும் வாசலில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்திரப் பதிவன்று, செத்தவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, கை நடுங்காமல் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

துலாம் மாதத்திலேயே கலூருக்கு மாறிவிட்டோம். ஃப்ளாட்டில் லிஃப்ட் உண்டு, தரை காய்ந்து கிடக்கிறது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறேன். பால்கனியிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் பஸ்கள் தெரியும். ஆபீஸ் பக்கம்தான். ஆனாலும் வேலை வேலைதானே, ஒன்பதுக்குப் போனால் ஏழுக்குத்தான் வருகிறேன். சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டுப் போகிறேன். ஆபீஸில் பொய் சொல்லிவிட்டு ஓடிவர இப்போது ஒரு காரணமும் இல்லை. விருச்சிகத்தில் மட்டாஞ்சேரியில் தண்ணீர் ஏறியதைப் போனில் படமாகப் பார்த்தபோது, அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அடுத்த நாள் மூன்று மணிக்கு அப்பா ஆபீஸுக்குப் போன் செய்தார். அவர் அப்படிச் செய்கிறவரில்லை. பதறிப்போய் எடுத்தேன்.

"அந்த ப்ரோக்கரோட நம்பர் உங்கிட்ட உண்டோ மோளே?"

"எதுக்குப்பா?"

"இந்த ஃப்ளாட்டையும் விக்கப் போட்டா என்ன? நெசமா விக்க வேண்டாம். வெறுதே ஆளு வந்து பாத்துட்டுப் போகட்டும். அந்த நேரத்துக்கு நம்ம எங்கியாச்சும் போயிருக்கலாமில்லியோ?"