எலுமிச்சை சோடா குடித்த உடனே பல் துலக்கிய கதை

2009 ஜனவரி 16, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். காணும் பொங்கல் விடுமுறைக்காகக் கல்லூரி விடுதியிலிருந்து கல்பாக்கம் வந்திருந்தேன். குடியிருப்பு வீட்டின் பின்வாசலில் அமர்ந்து ஒரு கரும்புத் துண்டைக் கடித்தேன். சாறு மேல்வரிசைப் பல்லில் பட்டதும் காதுவரை கூச்சம் ஓடியது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அப்பா உடனே கடிகாரத்தைப் பார்த்து அதைத் தாளில் குறித்ததுதான்.

அப்பாவைச் சொல்லாமல் என் பற்களைச் சொல்ல இயலாது. வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். நாற்பது வயதுக்குள் முன்பற்கள் நான்கையும் சொத்தைக்குக் கொடுத்தவர். அணுமின் நிலையத்தில் தொழில்நுட்பப் பணியாளர். உடம்பில் ஏதேனும் பட்டால் அதே நிமிடம் கழுவ வேண்டும் என்பது அங்கே பழகிய ஒழுங்கு. அதை அப்படியே என் வாய்க்கும் கொண்டுவந்துவிட்டார். எனக்கு ஒரு பல்லும் போகக் கூடாது என்பதைத் தவிர வாழ்க்கையில் அவர் பெரிதாக எதையும் கேட்டதில்லை. அதையே ஒரு நாளைக்கு ஆறுமுறை கேட்டார்.

எங்கள் குடியிருப்பிலோ பண்டிகைகளுக்குக் குறைவில்லை. தீபாவளிக்கு அதிரசம், கிறிஸ்துமஸுக்குக் கேக், பொங்கலுக்குக் கரும்பு என்று பக்கத்து வீட்டுத் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துலக்கல். "முறுக்குக்குமா?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். முறுக்குக்கும்தான்.

கிராம்பு மணக்கும் பற்பசை இன்றும் எனக்கு மாமல்லபுரம் கடற்கரையைத்தான் நினைவூட்டுகிறது. விசித்திரம்தான், ஆனால் என் பிழையன்று. ஒன்பது வயதில், ஒரு காணும் பொங்கலன்று, அங்கே கோலி சோடாக் கடையில் எலுமிச்சை சோடா குடித்தேன். கடைசி மிடறு தொண்டையில் இறங்கும் முன்பே அப்பா பையிலிருந்து பிரஷ்ஷையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்துவிட்டார். சுற்றிலும் ஊரே திரண்டிருந்தது. மணலில் குந்தி, நுரை வழிய நான் தேய்க்க, கடைக்காரர் அடுத்த புட்டியை உடைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"இன்னா நைனா, கடலாண்ட வந்து பல்லு வெளக்கிக்கினு கீறீங்க? வூட்ல தண்ணி வர்லியா?"

அப்பா சிரிக்கவில்லை. "நல்லா அழுத்தித் தேய் பாப்பா" என்றார். என் வகுப்பு மாணவிகள் இருவர் அந்தக் கடை வரிசையில் நின்றதை அவர் இன்றுவரை அறியார்.

கரும்புக் கூச்சத்துக்கு வருகிறேன். அன்று மாலையே செங்கல்பட்டில், வீட்டிலேயே கிளினிக் வைத்திருந்த பல் மருத்துவரிடம் போனோம். பல்லைப் பிடுங்கச் சொல்லிவிடுவாரோ என்று அப்பா வழிநெடுகக் கவலைப்பட்டுக்கொண்டே வந்தார். மருத்துவர் விளக்கைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"சொத்தை ஒண்ணுகூட இல்ல. மேல இருக்கிற எனாமல்தான் தேஞ்சுபோச்சு. புளிப்பு பட்டா அது கொஞ்ச நேரம் இளகியிருக்கும். அப்போ போய்த் தேய்ச்சா? தண்ணியில கொப்புளிச்சுட்டு, அரை மணி நேரம் கழிச்சு மெதுவாத் தேய்க்கணும். தேஞ்சது தேஞ்சதுதான், திரும்ப வராது. யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பதில் என்னிடம் இருந்தது, அடுக்கிக்கூட வைத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் அப்பா தம் பொய்ப்பற்களை நாவால் தடவிக்கொண்டிருந்தார்.

"நானாத்தான் பழகிட்டேன், டாக்டர்."

படித்த பெண் இப்படிச் செய்யலாமா என்று தொடங்கி முழுதாகப் பத்து நிமிடம் திட்டு வாங்கினேன். செய்யாத குற்றத்துக்கு, அதுவும் எழுவாய் பயனிலை சரியில்லாத வாக்கியங்களில்.

பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியபின் சொன்னார்: "நான்தான்னு சொல்லியிருக்கலாமே பாப்பா."



அந்தச் சோடாக் கடை இப்போது இல்லை. பண்டிகைத் தட்டுகளும் குறைந்துவிட்டன. இனிப்பு அட்டைப்பெட்டியில் வருகிறது. கரும்பை இனி நான் பல்லால் உரிக்க முடியாது.

மருத்துவரிடம் போய்வந்த மறுநாள் காலை மீதிச் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டு வாய் கொப்புளித்தேன். அப்பா எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சரியாக அரை மணி நேரம் கழித்து எழுந்து போய், மருத்துவர் சொன்ன அளவு மெதுவாகத் தேய்த்தேன். "அழுத்தித் தேய்" என்று சொல்ல அப்பா தலை நிமிரவில்லை.