ஸ்பின்னிங் மாஸ்டர் பனிச்சறுக்குக்குப் போகிறார்

அறுபத்து மூன்று வயதில் ரங்கராஜ் பனிச்சறுக்குப் பழகப் போகிறார் என்று கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். தப்புதான். ஆனால் நாற்பது வருடச் சிநேகிதன் சிரிக்காமல் வேறு யார் சிரிப்பது?

பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர் ரங்கராஜ். அந்த மில்லுக்குக் காக்கிச் சீருடை தைத்துக் கொடுத்தவன் நான், ரசாக். டவுன்ஹால் பக்கம் இன்றும் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டதே இல்லை. சண்டை முற்றினால்கூட, "பாய், நீங்க ஒரு முட்டாளுங்க" என்றுதான் திட்டுவார்.

ஏற்பாடு மகள் பூஜிதாவுடையது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பிப்ரவரியில் வடக்கே ஔலி மலையில் ஐந்து நாள் பயிற்சிக்கு அப்பாவுக்கும் சேர்த்தே இடம் பிடித்துவிட்டாள். "இந்தத் தடவையும் வரலைன்னா இனி நான் கூப்பிடவே மாட்டேனுங்கப்பா" என்றும் சொல்லிவிட்டாள்.

மனுஷர் உடம்பைத் தயார் செய்ய ஆரம்பித்தார். சுவரில் முதுகை ஒட்டி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். தொடை நடுங்கும், முகம் சிவக்கும். அவர் மனைவி பங்காரம்மா காப்பியோடு வந்து நின்று, "நாக்காலி சும்மாதானுங்க கெடக்குது. அதுல உக்காந்தா ஆகாதுங்களா?" என்று கேட்பார். பல் துலக்குவது ஒற்றைக் காலில். மாடிப்படியில் பக்கவாட்டில் ஏறுவார், பக்கவாட்டில் இறங்குவார். எதிர்வீட்டுக்காரர் வந்து இடுப்பு பிடித்துக்கொண்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இவ்வளவு பாடும் எதற்கென்று எனக்குத் தெரியும். ஆயுத பூஜையன்று மட்டும் மில்லுக்குள் குடும்பங்களை விடுவார்கள். எந்நேரமும் இரைகிற மிஷின்களெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கும். பொரிகடலைப் பொட்டலம் எனக்கும் ஒன்று உண்டு. ஒரு வருடம், பூஜிதாவுக்கு ஏழு வயது, மிக்ஸிங் ரூமில் கூரை உயரத்துக்குக் குவித்திருந்த பஞ்சின் மேல் ஏறிவிட்டாள். பிடிக்கப் போனவர்களுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு உச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டே வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. "பனி இப்படித்தான் இருக்குங்களாப்பா?" என்று கேட்டாள். திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டு ரங்கராஜ், "பரீட்சை லீவுல கூட்டிட்டுப் போறேன் கண்ணு, நேர்லயே பாத்துப்போடலாம்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் மனசு இளகுகிறது. என்ன நாட்கள் அவை!

அந்த லீவில் ஸ்டிரைக். அடுத்த லீவில் ஆள் குறைப்பு. அதற்கப்புறம் மில்லையே மூடிவிட்டார்கள். ரங்கராஜ் வேறொரு மில்லில் நைட் ஷிப்டுக்குப் போனார். பனி பேச்சு அந்த வீட்டில் நின்றுபோயிற்று.

இப்போது, கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, துணியில் வந்து முட்டிக்கொண்டது. குளிருக்கு உள்ளே போட ஆறு செட் பனியன் வேண்டும், நாற்பதாம் நம்பர் கோம்டு நூலில், சீவியெடுத்த சுத்தப் பருத்தியில் வேண்டும் என்றார். நானும் திருப்பூரில் சொல்லித் தைத்து வாங்கி வைத்தேன். சனிக்கிழமை காலை அப்பனும் மகளும் கடைக்கு வந்தார்கள். பூஜிதா போனில் பயிற்சிக்காரர்கள் அனுப்பிய பட்டியலைப் படித்தாள். உள்ளாடையிலிருந்து காலுறை வரை எதிலும் பருத்தி கூடாது என்று முதல் வரியே சொன்னது.

"பருத்தி ஆகாதா? என்ற அப்பன், நானு, நீயி, மூணு தலைமொறை சோறு தின்னது பருத்தியிலதானுங்க. பாலியெஸ்டரைச் சுத்திக்கிட்டுத்தான் போகோணும்னா நான் வரல. நீ போயிட்டு வா" என்றார் ரங்கராஜ்.

பூஜிதா கையுறை பார்க்கிறேன் என்று பின்னாலிருக்கும் அலமாரிப் பக்கம் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் எத்தனை வருடம்தான் பொறுமையாக இருப்பது?

"ஏனுங்க, பஞ்சு காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் குடிச்சுப்போடும், லேசுல விடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானுங்க. வேர்த்து நனைஞ்ச பருத்தியோட பனியில நின்னா வெறச்சுப் போயிருவீங்க. இது உங்களுக்குத் தெரியாதுங்களா? ஆடமாட்டாதவளுக்குக் கூடம் கோணலாம். வுழுந்துபோடுவோம்னு பயமா இருந்தா நேரா சொல்லுங்க" என்றேன்.

அவர் பனியனை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"தெரியுமுங்க பாய்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "வுழறதுக்கெல்லாம் பயமில்லீங்க. ஏழு வயசுல நான் கூட்டிட்டுப் போயிருக்கோணும். இப்ப அவ லீவு போட்டு, அவளே டிக்கெட் எடுத்து, என்னையக் கைபுடிச்சுக் கூட்டிட்டுப் போறா. அந்த மலைமேல நின்னுக்கிட்டு அவ மூஞ்சிய எப்படிங்க பாப்பேன்? வெக்கமா இருக்குதுங்க."

எத்தனையோ நோன்புப் பெருநாளுக்கு என் பிள்ளைகளுக்குச் சொன்னதைச் செய்யாமல் விட்டவன்தான் நானும்.

பூஜிதா கையுறையோடு வந்து நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"ஆபீஸ்ல ரெண்டு தடவ மணாலிக்குக் கூட்டிட்டுப் போனாங்கப்பா" என்றாள். "பனி பாக்க எல்லாரும் மேல போனாங்க. நான் ரெண்டு தடவையும் காச்சல்னு பொய் சொல்லிப்போட்டு ரூம்லயே படுத்துக்கிட்டேன். மொதல்ல உங்க கூடத்தான் பாக்கோணும்னு வெச்சிருக்கேன். இன்னும் நான் பனியே பாக்கலீங்கப்பா."

ரங்கராஜ் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார். பிறகு, மகள் டிக்கெட் எடுத்து மூன்று வாரத்தில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டார்.

"ஃபிளைட்டு எத்தனை மணிக்குங்க அம்மணி?"